புற்றடியில் கிள்ளிய காளான்

காளானை வேரோடு பிடுங்கிப் பார்க்காமல் சட்டியில் போடக் கூடாது. இதை நான் யார் முன்னாலும் சொல்வேன், சொல்லித்தான் வந்திருக்கிறேன். "தெரியும், தெரியும்" என்று சிரித்தவர்கள் பலர். அவர்களில் சிலர் பிறகு ஒரு நாள் வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு குனிந்து நின்றதையும் பார்த்திருக்கிறேன். இந்த விஷயத்தில் எனக்கு அடக்கம் கிடையாது. சமையலில் என்னைவிடக் கெட்டிக்காரிகள் எங்கள் லயத்து வரிசை வீடுகளில் இருந்தார்கள். தேயிலைக் கொழுந்து எடுப்பதில் என் கை நடுத்தரம்தான். கும்மியடிக்க என்னைக் கூப்பிடவே மாட்டார்கள், தாளம் தப்பும். ஆனால் காட்டோரத்தில் ஒரு காளானைக் கண்டால் அது தின்கிறதா, தின்னக் கூடாததா என்று சொல்ல, இலங்கை மலையில் பூனாகலைப் பக்கத்தில் அந்தக் காலத்தில் என்னை விட்டால் ஆள் இல்லை.

யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை. என் வயிறுதான் சொல்லித் தந்தது. கல்யாணமாகி இந்தத் தோட்டத்துக்கு வந்த முதல் மழைக்காலத்தில், கோயில் மேட்டுப் புற்றடியில் காளான் பறித்து, ஆசை ஆசையாகக் குழம்பு வைத்துத் தின்றேன். என் புருஷனுக்குக் காளான் வாசமே ஆகாது, தப்பித்தார். நான் குடலே வெளியே வந்துவிடும் போலக் கிடந்தேன். லயமே வந்து எட்டிப் பார்த்தது. கண்திருஷ்டி என்றார்கள், வேப்பிலை அடித்தார்கள், மிளகாய் சுற்றிப் போட்டார்கள். நான் தேறி எழுந்து மலைத்தண்ணீர் விழுகிற பீலிக்குக் குடத்தோடு போன நாளிலிருந்து, "என்னடி, இன்னிக்கும் காளான் குழம்பா?" என்று ஒரே கேலி.

எனக்குக் கோபம் வந்தால் காரணத்தைக் கண்டுபிடிக்காமல் அடங்காது. உடம்பில் தெம்பு வந்ததும் ஒரு குச்சியை எடுத்துக்கொண்டு அதே புற்றடிக்குப் போனேன். அங்கே மிச்சமிருந்த காளான்களை ஒவ்வொன்றாக அடியிலிருந்து நெம்பி எடுத்துப் பார்த்தேன். அப்போதுதான் தெரிந்தது, ஒரே இடத்தில் இரண்டு சாதி கலந்து முளைத்திருக்கிறது. ஒன்று நிஜமான புற்றுக்காளான். அதற்கு எலிவால் மாதிரி ஒரு வேர் உண்டு. மண்ணுக்குள் முழ நீளம் இறங்கி, கறையான் கூட்டிலேயே போய் நிற்கும். இன்னொன்றுக்கு வேரே இல்லை. அடியில் சின்ன வெங்காயம் மாதிரி ஒரு குமிழ், அவ்வளவுதான், புல்லோடு புல்லாக மேல்மண்ணில் உட்கார்ந்திருக்கும்.

விரிந்த பிறகு இரண்டையும் பிரித்துச் சொல்வது சுலபம். நல்ல காளானுக்கு நடுவில் கூராக ஒரு முனை இருக்கும். கெட்டதற்குத் தண்டில் ஒரு வளையம், கழன்ற வளையல் போல மேலும் கீழும் ஓடும். இரண்டு நாள் போனால் குடைக்கு அடியில் பாசி நிறம் ஏறும். ஆனால் விரியும் வரைக்கும் யார் விட்டு வைத்தார்கள்? மொட்டாக இருக்கும்போதுதான் ருசி. நாம் விட்டால் அடுத்த லயத்துக்காரி பறித்துக்கொண்டு போய்விடுவாள். மொட்டில் இரண்டும் கோழிமுட்டை மாதிரி வெள்ளைவெளேர் என்றுதான் இருக்கும். வேர் ஒன்றுதான் அடையாளம்.

அந்த வேரைத்தான் எங்கள் ஜனம் பார்க்கவே பார்க்காது. புற்றில் ஆத்தா குடியிருக்கிறாள். மஞ்சள் பூசி, குங்குமம் வைத்து, வெள்ளிக்கிழமை பால் ஊற்றிக் கும்பிடுகிற இடத்தில் குச்சியை விட்டு நெம்பலாமா? அதனால் மண்ணில் நகம் படாமல், தரைக்கு மேலே மெதுவாகக் கிள்ளி எடுப்பார்கள். நாள் முழுக்கக் கொழுந்து கிள்ளுகிற விரல்களுக்கு அது பெரிய வேலையும் இல்லை. திருச்சி, மதுரைப் பக்கத்திலிருந்து கப்பலேறி வந்தவர்கள் அரிவாள்மணையையும் அம்மியையும் கொண்டு வந்தது போல, "புத்தடியில முளைச்சா கண்ணை மூடிட்டுத் திங்கலாம்" என்ற வார்த்தையையும் கொண்டு வந்துவிட்டார்கள். அந்தக் காய்ந்த சீமையில் அது சரியாகவே இருந்திருக்கும். இங்கே மழையும் பனியும் புல்லும் சேர்ந்த இடத்தில் புற்றடியில் எது வேண்டுமானாலும் முளைக்கும். நான் வேரோடு பிடுங்குகிறேன் என்று தெரிந்ததும் எனக்குப் 'புற்றைத் தோண்டுகிறவள்' என்று பேர் வந்தது. ஆத்தாவிடம் ஒரு கும்பிடு போட்டுவிட்டு, நான் பாட்டுக்குப் பிடுங்கிக்கொண்டுதான் இருந்தேன்.

இப்போது நான் சொல்ல வந்தது, லயத்தில் என் அறைக்குச் சுவரை ஒட்டிய பக்கத்துக் காம்பராவில் நடந்தது.

அது வெள்ளைக்காரர் சீமையில் பெரிய சண்டை நடந்துகொண்டிருந்த காலம். ரயில் அப்போது பண்டாரவளையோடு நின்றுவிடும். அரிசி வரத்துக் குறைந்து, கறிக்கு என்ன செய்வது என்று ஒவ்வொரு வீட்டிலும் முழித்துக்கொண்டிருந்தோம். எங்கள் லயத்தில் அடுத்த காம்பராவில் ஒரு தாயும் மகனும் இருந்தார்கள். தாயை நான் பெரியம்மா என்று கூப்பிடுவேன். நல்ல மனுஷி, வாய்தான் கொஞ்சம் நீளம். என் வாயும் குட்டையில்லை, அதனால் எங்கள் இரண்டு பேருக்கும் பேச்சு நின்றும் நடந்தும் வரும். மகன் தேயிலைச் செடியைக் கத்தியால் வெட்டிவிடுகிற கவ்வாத்துக்காரன், நல்ல உழைப்பாளி. ஆவணியில் அவனுக்குக் கொஸ்லந்தைப் பக்கத்துத் தோட்டத்திலிருந்து ஒரு பெண்ணைக் கட்டிக்கொண்டு வந்தார்கள். அவளுக்குத் தாய் தகப்பன் இல்லை, ஒரே ஒரு அண்ணன். அதிகம் பேச மாட்டாள். வேலைக்குப் போய் வந்து, தண்ணீர் தூக்கி, ஆக்கி, எல்லாருக்கும் போட்டுவிட்டு, கடைசியில் சட்டியில் இருப்பதைத் தின்பாள். நாங்கள் எல்லாரும் அப்படித்தான்.

மேற்கிலிருந்து வரும் கச்சான் காற்று அடித்து ஓய்ந்து, ஐப்பசி பிறந்ததும், ஒரு சனிக்கிழமை சாயங்காலம் மலையே அதிர்கிற மாதிரி இடி இடித்தது. இடி இடித்தால் காளான் பூக்கும் என்பது சின்னப் பிள்ளைக்கும் தெரியும். ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் பெரியம்மா தலையில் கம்பளியைப் போட்டுக்கொண்டு கோயில் மேட்டுக்குப் போய், ஒரு கூடை நிறைய மொட்டுக்காளான் கொண்டுவந்தாள். லயத்து வாசல் முழுக்கக் கூடையைக் காட்டிக்கொண்டே வந்தாள். எனக்கும் காட்டினாள்.

"வேரைப் பாத்தீங்களா பெரியம்மா?" என்றேன்.

"எதுக்குப் பாக்கணும்? புத்தடியில கிள்ளினது. ஆத்தா குடுத்தா. நீதான் ஆத்தா குடுத்ததையும் தோண்டிப் பாக்குறவ."

ஒன்றிரண்டை எடுத்துத் திருப்பிப் பார்த்தேன். எல்லாம் வெள்ளை. எல்லாம் கிள்ளிய தண்டு. கிள்ளிய காளானைக் கையில் கொடுத்தால் எனக்கே சொல்லத் தெரியாது, யாருக்கும் தெரியாது. எனக்கென்று ஒரு கை அள்ளி வைத்தாள். வேண்டாம் என்றேன். அவளுக்கு முகம் சுருங்கிவிட்டது. "பாரு, உன் கண்ணு முன்னாடியே பாக்குறேன்" என்று, வாசலில் நின்ற நாலு வீட்டுக்காரிகளையும் கூப்பிட்டு நிறுத்தி, தன் அடுப்பில் தண்ணீர் வைத்து, காளானைப் போட்டு, ஒரு துண்டு மஞ்சளும் ஒரு பிடி அரிசியும் போட்டாள். விஷமென்றால் மஞ்சள் கறுக்கும், அரிசி சிவக்கும் என்பது கணக்கு. மஞ்சள் மஞ்சளாகவே இருந்தது. அரிசி வெள்ளையாகவே வெந்தது. "பாத்துக்க" என்று அகப்பையில் எடுத்து என் மூக்குக்கு முன்னால் நீட்டினாள். அந்தச் சோதனையை நான் நம்புவதில்லை. என்னைக் கவிழ்த்த காளானும் அதே சோதனையில் தேறினதுதான். சொன்னேன். "உனக்கு அன்னிக்குக் கண்ணு பட்டுச்சு" என்றாள். நான் எழுந்து வந்துவிட்டேன்.

மருமகள் மிளகு அரைத்துப் போட்டுக் குழம்பு வைத்தாள். வாசம் எங்கள் காம்பரா வரைக்கும் வந்தது. மத்தியானம் தாயும் மகனும் சாப்பிட்டார்கள். பொழுது சாய்வதற்குள் முதலில் மகன் வெளியே ஓடினான், அவன் பின்னால் தாய். நான் போய்ப் பார்த்தபோது இரண்டு பேரும் சாணித் தரையில் சுருண்டு கிடந்தார்கள். அந்தப் பெண் ஒரு கையில் தண்ணீர்ச் செம்பும் ஒரு கையில் விளக்குமாறுமாக ஓடிக்கொண்டிருந்தாள். தோட்டத்து ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கிறவர் வந்து, நாடி பார்த்து, ஏதோ ஒவ்வாததைத் தின்றிருக்கிறார்கள் என்று சொல்லி, மருந்து கலக்கிக் கொடுத்துவிட்டுப் போனார். உயிருக்கு ஆபத்தில்லை என்று எனக்குத் தெரியும். என் வயிறு பட்ட பாடுதானே. திங்கட்கிழமை இரண்டு பேரும் எழுந்து உட்கார்ந்தார்கள்.

எழுந்து உட்கார்ந்ததும் பெரியம்மா கேட்ட முதல் கேள்வி, "நாங்க ரெண்டு பேரும் செத்துப் பொழைச்சோம். இவ மட்டும் எப்பிடிக் குத்துக்கல்லாட்டம் நிக்கிறா?"

"நான் அந்தக் குழம்பு சாப்பிடலைங்க அத்தை" என்றாள் மருமகள்.

"ஏன் சாப்பிடல?"

"சட்டியில ஒண்ணும் மிச்சமில்லீங்க. பழைய சோத்துல மிளகாயைக் கடிச்சுக்கிட்டேன்."

"ஒண்ணும் மிச்சமில்லையா, இல்ல, என்ன போட்டிருக்கோம்னு தெரிஞ்சதால தொடலையா?"

அவ்வளவுதான். ஊர் வாய்க்குச் சொல்லவா வேண்டும்? மஞ்சள் கறுக்கவில்லை என்பதை நாலு வீட்டுக்காரிகள் கண்ணால் பார்த்திருக்கிறார்கள். அப்படியானால் காளானில் குற்றமில்லை. காளானில் குற்றமில்லை என்றால் ஆக்கினவள் கையில்தான் குற்றம். கல்யாணத்தன்று அவள் அழுதுகொண்டே வந்ததைக்கூட ஒருத்தி ஞாபகப்படுத்தினாள். ஊரை விட்டு வருகிற பெண் அழாமல் சிரித்துக்கொண்டா வருவாள்? மாமியார் உடைத்தால் மண்குடம், மருமகள் உடைத்தால் பொன்குடம் என்பார்கள். இங்கே உடைத்தது மாமியார், பழி மருமகளுக்கு. நான் காளான்தான் என்று சொல்லிப் பார்த்தேன். "உனக்கு எப்பவும் காளான்தான்" என்றார்கள்.

பெரியம்மா அவளைக் காம்பராவுக்குள் சேர்க்க மாட்டேன் என்று சொல்லிவிட்டாள். புருஷன் வாசலில் நின்று தரையைப் பார்த்தான். அவன் நல்லவன்தான், ஆனால் அம்மா முன்னால் வாய் திறக்காத நல்லவன். விஷயம் பெரிய கங்காணியிடம் போனது. அவருக்குக் கீழேதான் எங்கள் லயத்து ஆட்கள் எல்லாம். புதன்கிழமை அவர் கொஸ்லந்தைப் பக்கம் ஒரு ஜோலியாகப் போக இருந்தார். போகிற வழியில் அவளை அண்ணன் வீட்டில் விட்டுவிடுவது என்று முடிவு செய்துவிட்டார். அவளுடைய துணிமூட்டையை வாங்கி நான் என் காம்பராவில் வைத்தேன்.

அந்தத் திங்கட்கிழமை சாயங்காலமே என் அடுப்படியில் உட்கார்ந்து அவள் சொன்னாள், "எங்க அண்ணி வாசல்லயே நிறுத்திடுவாங்க அக்கா. அதுகூடப் பரவால்ல. மாமியாருக்கும் புருஷனுக்கும் வெஷம் வெச்சவன்னு பேரு வந்துட்டா, எந்தத் தோட்டத்துல எனக்குப் பேர் பதிவாங்க?"

பேர் பதியாத ஆளுக்குத் தோட்டத்தில் காம்பரா இல்லை, அரிசி இல்லை, வேலை இல்லை. பிறந்ததிலிருந்து தோட்டத்தைத் தவிர வேறொன்றும் தெரியாத பெண், எங்கே போவாள்? அவளைச் சாப்பிடச் சொன்னேன், சாப்பிடவில்லை. நானும் சாப்பிடவில்லை. என் புருஷன் மட்டும், "நீ சும்மா இருக்க மாட்டேன்னு தெரியும். என்ன செய்யப் போறேன்னு சொல்லிட்டுச் செய்" என்றார். என்ன செய்வது என்று எனக்கே தெரியவில்லை.

செவ்வாய்க்கிழமை விடியற்காலையில் ஆள் கணக்கெடுக்கிற பெரட்டு முடிந்து மலைக்குப் போய்க் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்தேன். விரல் தன் போக்கில் கிள்ளிக்கொண்டிருந்தது. கிள்ளிய இடத்தில் செடியின் காம்பு நிற்கிறது. அதைப் பார்த்ததும் எனக்குச் சுருக்கென்றது. பெரியம்மா காளானைப் பிடுங்கவில்லையே, கிள்ளித்தானே எடுத்தாள்! அப்படியானால் அடித்தண்டு எல்லாம் இன்னும் புற்றடியில்தான் இருக்கிறது. எது வேரோடு இருந்தது, எது வேரில்லாமல் இருந்தது என்று மண்ணுக்குள்ளேயே சாட்சி கிடக்கிறது. ஆனால் காளான் தண்டுக்கு எவ்வளவு ஆயுசு? இன்னொரு மழை வலுத்துப் பெய்தால் எல்லாம் அழுகிக் கூழாகிவிடும். வானம் அப்போதே கறுத்துக்கொண்டு வந்தது. சாயங்காலம் கொழுந்து நிறுத்துக் கொடுக்கும் வரை என் கால் தரையில் பாவவில்லை.

கூடையை இறக்கிய கையோடு நேராகப் பெரிய கங்காணியிடம் போனேன். அவர் நாற்காலியில் உட்கார்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார்.

"ஐயா, அந்தப் புள்ளையை நாளைக்குக் கூட்டிட்டுப் போறதுக்கு முன்னாடி கோயில் மேட்டுக்கு ஒரு நடை வரணும்."

"எதுக்கு?"

"பெரியம்மா கிள்ளின காளானுக்கு மீதி அங்க இருக்கு. அதைப் பாத்துட்டு நீங்க என்ன சொன்னாலும் நான் கேட்டுக்கிறேன்."

"புத்தைத் தோண்டப் போறியாக்கும்."

"புத்துல கை வைக்க மாட்டேங்க. புத்துக்கு வெளியில புல்லுத்தரை. அவங்க கிள்ளின இடம்."

அவருக்கு எரிச்சல்தான். ஆனால் நாளைக்கு ஒரு பெண்ணைப் பழியோடு கொண்டுபோய் விடப்போகிறவர், பார்க்க மாட்டேன் என்று எப்படிச் சொல்வார்? துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தார். அவர் எழுந்தால் லயமே எழும். பெரியம்மாவும் சேலைத் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டு, மகன் தோளைப் பிடித்துக்கொண்டு வந்தாள். தன் காளான் மேல் அவளுக்கு அவ்வளவு நம்பிக்கை.

புற்றைச் சுற்றிலும் புல்லுக்குள் கிள்ளிய தண்டுகள் வெள்ளை வெள்ளையாகத் தெரிந்தன. சில ஓரத்தில் மஞ்சளித்திருந்தன. களை எடுக்கிற சுரண்டி ஒன்று கொண்டு போயிருந்தேன். அதைக் கையில் எடுத்ததும் கூட்டம் ஓரடி பின்னால் நகர்ந்தது. "வேணாம்டி, ஆத்தா கோவம் லயத்து மேலயே வந்துடும்" என்று யாரோ சொன்னார்கள். நான் குனியப் போனேன். அதற்குள் அந்தப் பெண் முன்னால் வந்து என் கையிலிருந்து சுரண்டியை வாங்கிக்கொண்டாள்.

"குடுங்க அக்கா. ஆத்தா கோவிச்சா என் மேல கோவிச்சுக்கட்டும். இதுக்கு மேல எனக்கு என்ன வரப்போகுது?"

புற்றுக்கு முன்னால் விழுந்து கும்பிட்டாள். எழுந்து, முதல் தண்டைச் சுற்றி மண்ணைச் சுரண்ட ஆரம்பித்தாள். அந்தத் தண்டு கீழே போய்க்கொண்டே இருந்தது. விரலளவு, சாணளவு, அதற்கும் கீழே மெல்லிய வாலாக இறங்கி அறுந்தது. "இது நல்லது" என்றேன். அடுத்ததும் நல்லது. பெரியம்மா கங்காணியைப் பார்த்து, "நான் சொல்லல?" என்றாள். அதற்கடுத்தது புல் அடர்ந்த பக்கத்தில் இருந்தது. சுரண்டி பட்டதும் பொதுக்கென்று மொத்தமும் கையோடு வந்துவிட்டது. அடியில் உருண்டையாக ஒரு குமிழ். வேர் என்று ஒரு நூல்கூட இல்லை. பக்கத்தில் இருந்ததும் அப்படியே. அதற்குப் பக்கத்தில் இருந்ததும். அந்தப் பக்கம் முழுக்க அப்படியே.

நான் இரண்டு சாதியையும் இரண்டு வரிசையாகக் கங்காணியின் காலடியில் அடுக்கினேன். சின்னப் பிள்ளைகூடப் பிரித்துச் சொல்லிவிடும்.

பெரியம்மா விடுகிற ஆளா? "வேர் இல்லாட்டி வெஷமா? இது எந்த ஊரு சட்டம்? மஞ்சள் கறுக்கலையே!" என்றாள். அது நியாயமான கேள்விதான், அதை நான் ஒத்துக்கொள்கிறேன். பதில் அங்கேயே நின்றுகொண்டிருந்தது. புல்லுக்குள் அவள் கண்ணில் படாமல் தப்பிய மொட்டுகள் இந்த இரண்டு நாளில் குடையாக விரிந்திருந்தன. நான் போய் அவற்றைப் பிடுங்கிக்கொண்டு வந்தேன். அடியில் அதே குமிழ். தண்டில் அதே வளையம். குடையைத் திருப்பிக் காட்டினேன், உள்ளே பாசி நிறம் ஏறியிருந்தது.

"பெரியம்மா, இந்தாங்க, உங்க காளானோட கூடப்பொறந்தது. ஒரே புத்தடி, ஒரே புல்லு. நான் என் அடுப்புல ஆக்குறேன். நீங்களே மஞ்சள் போட்டுப் பாருங்க. உங்க மருமக அந்தப் பக்கமே வரமாட்டா. மஞ்சள் கறுக்கலைன்னா ஒரு வாய் சாப்பிடுங்க. உங்களுக்கு ஒண்ணும் ஆகலைன்னா, நானே இவளைக் கொஸ்லந்தைக்கு நடத்திக் கூட்டிட்டுப் போய் விட்டுட்டு வர்றேன்."

அவள் காளானைப் பார்த்தாள். நான் அதை இன்னும் கொஞ்சம் கிட்டே நீட்டினேன். மழை ஈரத்தில் அதிலிருந்து ஒரு வாசம் வந்தது. அவள் முகம் கோணியது, கை தானாக வயிற்றைப் பிடித்தது.

"வேணாம்" என்றாள்.

"ஏன்? ஆத்தா குடுத்ததுதானே?"

"வேணாம்டி. எடுத்துட்டுப் போ."

மகன் முதல் தடவையாக வாயைத் திறந்தான். "எனக்கும் வேணாம்" என்றான். கூட்டத்தில் யாரோ சிரித்துவிட்டார்கள்.

பெரிய கங்காணி வெற்றிலையைத் துப்பிவிட்டு, "அப்பச் சரி. நாளைக்கு நான் தனியாத்தான் போறேன்" என்று சொல்லி இறங்கிப் போய்விட்டார்.

பெரியம்மா புற்றுக்கு முன்னால் போய் நின்று கன்னத்தில் போட்டுக்கொண்டாள். "ஆத்தா, புத்தி இல்லாம நீ குடுக்காததையும் அள்ளிட்டு வந்துட்டேன், பொறுத்துக்க" என்றாள். பக்கத்தில் மண் படிந்த கையோடு நின்ற மருமகளிடம் ‘பொறுத்துக்க’ என்று கேட்கவில்லை. "வா, இருட்டறதுக்குள்ள தண்ணி புடிக்கணும்" என்று மட்டும் சொல்லிவிட்டு நடந்தாள். எனக்குக் கெட்ட கோபம். ஆனால் ஜெயித்த சந்தோஷத்தில் அதை விழுங்கிக்கொண்டேன். அன்று நான் லயத்துக்கு இறங்கி வந்த நடையைப் பார்த்திருந்தால் என்னைத்தான் பெரிய கங்காணி என்று நினைத்திருப்பார்கள். கேலி செய்தவர்கள் எல்லாரும் வேரைப் பற்றிக் கேட்டுக்கொண்டே என் பின்னால் வந்தார்கள். நானும் கேட்டவர்களுக்கெல்லாம் இரண்டு தடவை சொன்னேன்.

அவள் தன் துணிமூட்டையை எடுத்துக்கொண்டு பக்கத்துக் காம்பராவுக்குத் திரும்பிப் போனாள். லயத்துச் சுவர் கூரை வரைக்கும் போகாது. அந்தப் பக்கம் அகப்பை சட்டியில் படுவதுகூட இந்தப் பக்கம் கேட்கும். நான் என் புருஷனுக்குச் சோறு போட்டுக்கொண்டிருந்தேன். அங்கேயும் சோறு போடுகிற சத்தம். ஒரு தட்டு, இரண்டு தட்டு. பிறகு மூன்றாவதாக ஒரு தட்டு தரையில் வைக்கிற சத்தம் கேட்டது.

"என்ன, நீயும் இப்பவே உக்காந்துட்ட?" இது பெரியம்மா குரல்.

"ஆமாங்க அத்தை. இனிமே உங்க கூடவேதான் சாப்பிடுவேன்."

"இது என்ன புதுப் பழக்கம்?"

"அன்னிக்கு நானும் கூட உக்காந்து சாப்பிட்டிருந்தா, நானும் வாந்தி எடுத்துருப்பேன். யாரும் என்னைச் சந்தேகப்பட்டிருக்க மாட்டாங்க. நல்லதோ கெட்டதோ, இந்தச் சட்டியில இருக்கிறதை மூணு பேரும் ஒண்ணாச் சாப்பிடுவோம்."

அவள் அவ்வளவு நீளமாகப் பேசி நான் கேட்டதே இல்லை. குரலில் சண்டையும் இல்லை, அழுகையும் இல்லை. என் கையில் அகப்பை அப்படியே நின்றது. காளான்தான் குற்றவாளி என்று நிரூபித்துவிட்டு நான் மார்தட்டிக்கொண்டு வந்திருந்தேன். அவளை மாட்டிவிட்டது காளான் மட்டும் இல்லை, காலிச் சட்டியும்தான் என்பதை அவள்தான் கண்டுபிடித்திருந்தாள். அந்தப் பக்கம் பாய் உரசுகிற மாதிரி, யாரோ இடம் விட்டு நகர்ந்து உட்காருகிற சத்தம் கேட்டது. மகனாகத்தான் இருக்க வேண்டும்.

"சரி, சரி. சோறு ஆறுது, சாப்பிடு" என்றாள் பெரியம்மா.

"என்ன நிக்கிற? குழம்பை ஊத்து" என்றார் என் புருஷன். ஊற்றினேன். ஊற்றிவிட்டு, அடுப்பு மேடையிலிருந்து என் தட்டை எடுத்து அவர் எதிரில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன்.